வைத்தவள் எடுக்க வேண்டிய கல்

ஆனைக்கரை
9.6.2025

தம்பி ராஜசேகருக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். போன மாதம் குமுளி ரிசார்ட்டில் ரூம் எடுத்துத் தங்கியவனுக்கு என்ன குறை? பெண்டாட்டி பிள்ளையோடு இந்த மலையெல்லாம் சுற்றியிருக்கிறாய். வீட்டில் இருந்தது ஒரு கட்டன் காப்பி குடிக்கிற நேரம். அதிலும் பாதி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். இங்கே பாத்ரூம் வெளியே இருப்பதால் யோகப்பிரியா கூச்சப்படுகிறாள் போல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இதைப் போனில் சொல்ல முடியாது. நான் வாயைத் திறந்ததுமே "அக்கா, மீட்டிங்" என்பாய். கடிதத்தை உன்னால் பாதியில் கட் பண்ண முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நீ போன பிறகு ஊருக்குள் தினமும் புது ஆட்கள். முதுகில் பை, கையில் போன். கம்பம்மெட்டுப் பக்கம் மலை விளிம்பு ஓரமாகக் குனிந்து குனிந்து எதையோ தேடுகிறார்கள். என்ன தொலைந்தது என்று கேட்டால் சிரிக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் நம் வாசலிலேயே வந்து நின்றது. அதில் ஒரு பெண், "சேச்சி, கடத்தல்காரர் கருத்தப்பாண்டி வீடு இதுதானே? அவரோட ஒரு போட்டோ எடுக்கணும்" என்றாள். அப்பா உள்ளே சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வாசல் கூட்டிய விளக்குமாற்றோடு நின்றேன். மீதியை நீயே ஊகித்துக்கொள்.

அவள் காட்டித்தான் இதெல்லாம் உன் வேலை என்று தெரிந்தது. போனில் உன் பெயர், உன் படம், நீ எழுதிய கதை. கடத்தல்காரராம்! கஞ்சிக்கு வழியில்லாத காலத்தில், கேரளத்துக்கு அரிசி கொண்டுவரத் தடை இருந்தபோது, கம்பத்திலிருந்து அதைத் தலையில் சுமந்து மலையேறி வந்த மனிதர். அவர் என்ன தங்கமா கடத்தினார்?

அதைக்கூட விட்டுவிடுகிறேன். கணக்குப்பாறைப் பொந்துக்குள் ஒரு பெட்டி வைத்திருக்கிறாய். அந்தப் பொந்தில் ஒரு கல் இருந்தது. கறுப்புக் கல், பூணூல் போட்டதுபோல் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. அதைக் காணவில்லை. நானே நேரில் போய்ப் பார்த்தேன். உன் பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு பொம்மைக் கார், ஒரு நீலச் சாவி வளையம், யார் யாரோ பெயர் எழுதிய ஒரு காகிதச் சுருள். கல் மட்டும் இல்லை.

எடுத்தது யார் என்று கண்டுபிடி. வாங்கி அனுப்பு. ஏன் என்று கேட்காதே. அப்பா சரியில்லை.

செல்வலட்சுமி


கொழிஞ்சாம்பாறை
17.6.2025

அன்புள்ள அக்காவுக்கு, ராஜசேகர் வணக்கம்.

உன் கடிதத்தைக் கொடுத்த தபால்காரரே ஒரு நிமிஷம் நின்று, "யாருங்க இன்னும் கடுதாசி எழுதறது?" என்று கேட்டுவிட்டுப் போனார். போன் பண்ணினால் நீ எடுப்பதில்லை. அதனால் நானும் பேனா எடுத்துவிட்டேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

முதலில் கோபத்தை இறக்கு. இது ஒரு புதையல் விளையாட்டு. ஜியோகேச்சிங் என்று பெயர். ஓர் இடத்தில் பெட்டியை மறைத்து வைத்து, அந்த இடத்தின் குறியை இணையத்தில் போட வேண்டும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் தேடி வரலாம். கண்டுபிடித்தவர் காகிதத்தில் பெயர் எழுதுவார். உள்ளே இருக்கும் பொருளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, பதிலுக்குத் தன் பொருள் ஒன்றை வைத்துவிட்டுப் போவார். அவ்வளவுதான். பழைய அரிசிப் பாதை நெடுகப் பெட்டி வைத்திருக்கிறேன். அப்பா அந்தப் பாதையில் நடந்தவர் என்று நான் பெருமையாகத்தான் எழுதினேன். நீ படிக்காமலே திட்டுகிறாய்.

கணக்குப்பாறைப் பெட்டிக்குத்தான் நல்ல வரவேற்பு. பொந்தின் உள்கோடியில் கைக்கு எட்டாதபடி பெட்டியைத் தள்ளி வைத்து, அங்கே கிடந்த கல்லை முன்னால் மறைவாக நகர்த்தி வைத்தேன். "ஒற்றைக் கல்லை எடுத்துப் பார்" என்பதுதான் துப்பு. யாரோ அந்தக் கல்லையே புதையல் என்று நினைத்து, சாவி வளையத்தை வைத்துவிட்டுக் கல்லைக் கொண்டுபோயிருப்பார்கள். விளையாட்டின் விதிப்படி அதில் தப்பில்லை.

அக்கா, கோபித்துக்கொள்ளாதே. ஒரு கல்லுக்காகவா இவ்வளவும்? அந்த மலையில் கல்லுக்கா பஞ்சம்? அதே மாதிரி ஒன்று பார்த்து வைத்துவிடு. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் கட்டப்பனையில் டாக்டரிடம் காட்டு.

அன்புடன் தம்பி,
ராஜசேகர்


ஆனைக்கரை
23.6.2025

ராஜசேகருக்கு,

அதே மாதிரி ஒன்று பார்த்து வைக்க வேண்டுமாம். இந்த வரியைப் படித்துவிட்டு ஏலக்காய் ஸ்டோருக்கு வேலைக்குப் போனேன். அன்று முழுவதும் காய் தரம் பிரிக்கும்போது நல்லதையும் சொத்தையையும் ஒரே கூடையில் போட்டிருக்கிறேன். சூப்பர்வைசர் கத்தினான். அவனையும் திட்டினேன்.

ஏன் என்று கேட்காதே என்று சொன்னது என் தப்பு. இப்போது சொல்கிறேன். உட்கார்ந்து படி.

கீழே அரிசி எடுக்க இறங்குகிறவர்கள் கணக்குப்பாறையில் ஆளுக்கொரு கல்லைப் பொந்தில் வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். சுமையோடு ஏறி வந்ததும் அவரவர் கல்லை அவரவர் எடுத்துக்கொள்வார்கள். வழியில் போலீஸ் விரட்டினால் ஆளுக்கொரு திசையில் சிதறி ஓட வேண்டியிருக்கும். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று மலையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட முடியுமா? பொந்தைப் பார்த்தால் போதும். காலியாக இருந்தால் எல்லோரும் வந்துவிட்டார்கள். கல் இருந்தால் அந்த ஆள் இன்னும் கீழே. அடுத்தவர் கல்லை யாரும் தொடக் கூடாது. புருஷன் பெண்டாட்டியாக இருந்தாலும் கூடாது.

அந்த வெள்ளைக் கோடு போட்ட கல் அம்மாவுடையது.

அம்மா காய்ச்சலில் சாகவில்லை. அப்பாவும் அம்மாவும் மற்றவர்களோடு விடியற்காலையில் சுமையோடு ஏறி வந்தபோது விரட்டினார்கள். எல்லோரும் சிதறினார்கள். அப்பா மேலே வந்து தன் கல்லை எடுத்தார். ஒவ்வொருவராக வந்து எடுத்தார்கள். அம்மா மாரித்தாயின் கல் மட்டும் அங்கேயே இருந்தது. தேடிப் போனவர்களுக்கு விளிம்புக்குக் கீழே ஒரு புதரில் அவளுடைய சும்மாட்டுத் துணி கிடைத்தது. அவள் கிடைக்கவில்லை. உடம்பைப் பார்க்காமல் காரியம் செய்ய மாட்டேன் என்றார் அப்பா. "கல்லு இருக்குல்ல? அவ கீழதான் இருக்கா. வருவா. வந்து அவளே எடுப்பா." இன்று வரை அதுதான் அவர் பேச்சு. வெள்ளிக்கிழமைதோறும் போய்ப் பொந்தில் கை விட்டுக் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு வருவார்.

நீ அப்போது சின்னப் பிள்ளை. அம்மாவைத் தேடி அந்த விளிம்புக்கே ஓடினாய். ஓடுகிற பிள்ளையை நிறுத்த எனக்கு ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. காய்ச்சல் என்றேன். நீ நின்றாய்.

போன மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அப்பா போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். அந்த மனிதர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. மூச்சு வாங்க வாசலில் நின்று சொன்னார்: "ஏட்டி செல்வி, உங்கம்மா வந்துட்டாட்டி. கல்ல எடுத்துட்டா."

நீ விளையாடிய விளையாட்டு இது. இப்போது சொல், ஒரு கல்லுக்காகவா?

செல்வலட்சுமி


கொழிஞ்சாம்பாறை
2.7.2025

அக்கா,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. படிக்கப் படிக்க முதலில் அழுகை வந்தது. பிறகு கோபம்தான் வந்தது. உனக்கு மட்டும்தான் கோபப்படத் தெரியும் என்று நினைக்காதே.

காய்ச்சல் என்றாய், சரி. அப்போது நான் சின்னப் பிள்ளை. பத்தாவது படிக்கும்போது சொல்லியிருக்கலாமே? காலேஜுக்குப் போகும்போது? எனக்குப் பிள்ளை பிறந்தபோது? என் கல்யாணப் பத்திரிகையில் "அமரர் மாரித்தாய்" என்று நானே எழுதிக் கொடுத்து அச்சடித்தேன். அந்தப் பத்திரிகையை நானே அப்பா கையில் கொடுத்தேன். பெண்டாட்டி வருவாள் என்று காத்திருக்கும் மனிதர் கையில்! நீ பக்கத்தில் நின்றாய். ஒரு வார்த்தை சொன்னாயா?

என் மகள் தமிழ்ப்ரியாவை அந்தப் பாறைமேல் நிறுத்தி, கையை விரிக்கச் சொல்லி, பின்னால் கம்பம் பள்ளத்தாக்கு தெரிகிற மாதிரி படம் எடுத்தேன். என் அம்மா விழுந்த இடம் அது. அந்தப் படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பினேன். நீ என்னை இப்படி ஒரு முட்டாளாக வைத்திருந்துவிட்டு, கல்லைத் தொட்டான் என்று திட்டுகிறாய். தெரியாதவன் தொடத்தான் செய்வான். தெரியாமல் வைத்தது யார்?

அம்மா உனக்கு மட்டும் அம்மா இல்லை.

கல்லை எடுத்தவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பெட்டிகளை எடுத்துவிடும்படி குமுளியில் ஓர் ஆளிடம் சொல்லிவிட்டேன். இணையத்தில் எழுதியதையும் அழித்துவிட்டேன்.

ராஜசேகர்


ஆனைக்கரை
11.7.2025

தம்பி,

நீ கோபப்பட்டது எனக்குப் பிடித்திருந்தது. முதல் தடவையாக இந்த வீட்டுப் பிள்ளை மாதிரி எழுதியிருக்கிறாய்.

பத்திரிகை பற்றிக் கேட்டாய். அப்பாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாது என்பதை மறந்துவிட்டாயா? நான்தான் வாசித்துக் காட்டினேன், அந்த ஒரு வார்த்தையை விட்டுவிட்டு. "மாரித்தாய்" என்று வாசித்ததும் தலையை ஆட்டினார். அவள் பெயர் அச்சில் வந்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பத்திரிகையை இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். இதைச் சொல்லி உன் கல்யாணத்தை நான் கெடுத்திருக்க வேண்டுமா?

கல்யாணம் என்றதும் இன்னொன்று. எனக்கும் வரன் வந்தது. பள்ளிவாசல் எஸ்டேட்டில் ஒருவர், ராஜகுமாரி ஊரில் ஒருவர். "அவங்கம்மா வரட்டும், பேசிக்கலாம்" என்றே அப்பா எல்லோரையும் அனுப்பிவிட்டார். உன் கல்யாணத்துக்கு மட்டும் ஏன் மறுப்பு சொல்லவில்லை தெரியுமா? நீ அவரிடம் கேட்கவில்லை. தேதி சொன்னாய். எனக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. நான் இந்த வீட்டில் அம்மா வருகிற வரை என்று உட்கார்ந்தவள். இப்போது அம்மா வந்துவிட்டாள் என்கிறார், எனக்குத் தலை நரைத்துவிட்டது.

இங்கே நடப்பதைக் கேள். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார், அடித்தேன். கடைத்தெருவுக்கு அவரே போய் அரக்குக் கரை போட்ட பச்சைச் சேலை ஒன்று வாங்கி வந்தார். பக்கத்து வீட்டுக் கத்தரீனாள், "யாரு வாறாக?" என்று கேட்டதற்கு, "வீட்டுக்காரி" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன். சமைக்கும்போது ஒரு ஆளுக்குக் கூடுதலாகப் போடச் சொல்கிறார். அந்தச் சோற்றை மறுநாள் நான் நீராகாரமாகக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறேன். அம்மாவின் பங்கை நான் தின்கிறேன், தெரிகிறதா?

இதெல்லாம்கூடப் பொறுத்தேன். முந்தாநாள் சோற்றில் கை வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "கல்ல எடுத்தவ வீட்டுக்கு வராம எங்க போவா? நீ என்னட்டி சொன்ன அவகிட்ட? வாசல்ல வந்தவள வெரட்டி விட்டியா?"

எத்தனை வருஷம் இந்த மனிதருக்குச் சோறு வடித்திருக்கிறேன். அம்மாவை நான் விரட்டிவிட்டேனாம். எனக்கு எப்படி இருந்திருக்கும்? தட்டை எடுத்துச் சுவரில் அடித்தேன். புதுச் சுண்ணாம்பில் ரசக் கறை அப்படியே இருக்கிறது.

கல்லை அனுப்பு. சீக்கிரம் அனுப்பு.

அக்கா


கொழிஞ்சாம்பாறை
30.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கல் கிடைத்துவிட்டது. எடுத்தது பூனாவைச் சேர்ந்த ஒரு தம்பதி. குமுளி ஆள் பெட்டியிலிருந்து எடுத்து அனுப்பிய காகிதச் சுருளில் பெயர் இருந்தது, அதை வைத்துப் பிடித்தேன். பாவம், விஷயம் தெரிந்ததும் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தார்கள். அவர்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்களாம். நேற்று என் மேஜைமேல் இருந்தது. கையில் எடுத்தால் விட மனம் வரவில்லை. அம்மா தொட்டது என்று என்னிடம் வேறு எதுவும் இல்லையே.

யோகப்பிரியாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். "ஏனுங்க, கொரியர்ல போடாதீங்க. நாம நேர்ல போயிக் குடுத்துட்டு, மாமாவையும் பாத்துட்டு வருவோமுங்க" என்றாள். அவள் சொல்வது சரிதான். ஆனால் இந்த மாதம் வேலை தலைக்குமேல் இருக்கிறது. தவிர, இப்போது நான் வந்து அப்பா முகத்தைப் பார்த்து என்ன பேசுவேன்? அதனால் கொரியரில் அனுப்பியிருக்கிறேன். நன்றாகச் சுற்றிக் கட்டியிருக்கிறேன், உடையாது.

அக்கா, ஒரு யோசனை. அப்பாவுக்குத் தெரியாமல் கல்லைப் பொந்தில் வைத்துவிடு. அடுத்த வெள்ளிக்கிழமை போய்த் தடவிப் பார்ப்பார். கல் இருக்கும். கண் மங்கல், அன்றைக்குத் தான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வார். எல்லாம் பழையபடி ஆகிவிடும். உன்னையும் சந்தேகப்பட மாட்டார்.

தீபாவளிக்குக் கட்டாயம் வருகிறோம். வீட்டிலேயே தங்குகிறோம்.

அன்புத் தம்பி,
ராஜசேகர்


ஆனைக்கரை
14.8.2025

தம்பி ராஜசேகருக்கு,

கல் வந்து சேர்ந்தது. உடையவில்லை. கல் உடையாது என்பது எனக்கும் தெரியும்.

நீ சொன்னபடிதான் முதலில் செய்யப் போனேன். முந்தானையில் முடிந்துகொண்டு கணக்குப்பாறைக்குப் போனேன். காற்று ஆளைத் தள்ளியது. பொந்துக்குள் கையை விட்டேன். கல் உள்ளே இருக்கிறது, கை அதன்மேல் இருக்கிறது, விட வேண்டியதுதான் பாக்கி. அப்போது உன் கடிதத்திலிருந்த ஒரு வார்த்தை ஞாபகம் வந்தது. பழையபடி.

பழையபடி என்றால் என்ன என்று உனக்குத் தெரியுமா? பழையபடி என்றால் நான். கல் அங்கே இருக்கும், அப்பா வெள்ளிக்கிழமை போய்த் தடவுவார், நான் இங்கே வடித்துக் கொட்டுவேன். நீ தீபாவளிக்கு வருவாய். அம்மாவை நான் இன்னொரு தடவை என் கையாலேயே கீழே அனுப்ப வேண்டும், அதுவும் அப்பாவுக்குத் தெரியாமல். தெரியாமல் செய்கிற வேலையெல்லாம் எனக்கே எழுதி வைத்திருக்கிறதா? கல்லை மறுபடி முடிந்துகொண்டு திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அப்பா சட்டை போட்டுக்கொண்டு, டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. "ஏட்டி, எனக்கு இப்பந்தான் புத்திக்கு எட்டுது. அவ நம்ம மேல கோவப்பட்டுப் போகல. சின்னவன இடுப்புல வச்சிருந்தவ, மொதல்ல அவனத்தான் பாக்கப் போவா. அவ ராசு வீட்லதான் இருக்கா. என்னையக் கொண்டு விடு" என்றார். உன் கல்யாணப் பத்திரிகை கையில் இருந்தது. விலாசம் அதில்தான் இருக்கிறதாம்.

அன்று அவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். கல் என் முந்தானையில்தான் இருந்தது. ஆனால் தோன்றியது, நான் ஏன் சொல்ல வேண்டும்? உனக்குச் சொல்லாமல் இருந்ததும் நான், அவருக்கு வாசித்துக் காட்டியதும் நான். அம்மா எனக்கு மட்டும் அம்மா இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். சரியாகத்தான் எழுதியிருக்கிறாய்.

அடுத்த வாரம் சனிக்கிழமை ஸ்டோர் டிரைவர் வினோ ஏலக்காய்ச் சாக்கோடு கோயம்புத்தூருக்குக் கார் எடுக்கிறான். அப்பா அதில் வருகிறார். வழியில் உன் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடச் சொல்லியிருக்கிறேன். உன் பெண்டாட்டிக்கு நேற்றே போன் பண்ணிவிட்டேன். "நங்கையா, மாமா வரட்டுமுங்க. கீழ் ரூமுல கட்டலு போட்டு வெச்சர்றனுங்க. நீங்க மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க" என்றாள். அந்தப் பெண்ணைப் பாத்ரூம் விஷயத்தில் தப்பாக நினைத்துவிட்டேன். ரிசார்ட்டில் ரூம் போட்டது உன் யோசனைதான் என்று இப்போது தெரிகிறது. நான் எழுதியதை அவளிடம் காட்டாதே.

அப்பாவுக்குக் காலையில் இரண்டு மாத்திரை, சாப்பிட்ட பிறகு. காப்பியில் சீனி வேண்டாம், கேட்டாலும் போடாதே. காது இடது பக்கம் மந்தம். அதட்டினால் முறைப்பார், தணிந்து சொன்னால் கேட்பார். நான் தணிந்து சொன்னது குறைவு.

அவருடைய பையில் மேலாக அந்தப் பச்சைச் சேலை இருக்கும். அதற்குக் கீழே வேட்டிகள். அடியில் துண்டில் சுற்றி அம்மாவின் கல். அவருக்குத் தெரியாமல் நான் செய்கிற கடைசி வேலை இது. கேட்டைத் திறந்ததும் உன்னைக் கூப்பிட மாட்டார். "மாரி" என்றுதான் கூப்பிடுவார். நீ வந்து கதவைத் திறக்க வேண்டும். யோகப்பிரியாவை அனுப்பாதே. அம்மா இங்கேதான் இருக்கிறாள், குளிக்கப் போயிருக்கிறாள் என்று சொல்வாயோ, கல்லை எடுத்துக் கையில் கொடுப்பாயோ, அது உன் பாடு. என்ன சொன்னாய் என்று நான் கேட்க மாட்டேன். மீட்டிங் என்று மட்டும் சொல்லிவிடாதே.

நான் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கம்பத்துக்கு இறங்குகிறேன். பயப்படாதே, பஸ்ஸில்தான். என்னோடு ஸ்டோரில் வேலை பார்த்த நாச்சம்மாள் அங்கே வீடு கட்டியிருக்கிறாள். வா வா என்று கூப்பிட்டு அலுத்துவிட்டாள். இந்த மலை விளிம்பில் நின்று கம்பத்து விளக்குகளை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு நாள் தங்கியதில்லை. அப்பாவை யார் பார்ப்பது என்று இருந்துவிட்டேன்.

போகும்போது கணக்குப்பாறையில் என் கல்லை வைத்துவிட்டுப் போவேன். பார்த்து வைத்திருக்கிறேன். கோடு கீடு ஒன்றும் இல்லாத சாதாரணக் கல், டிவி பக்கத்தில் வைக்க லாயக்கில்லாதது. நீயோ உன் புதையல்காரர்களோ அதைத் தொட வேண்டாம். எனக்கு வரத் தோன்றும்போது நானே வந்து எடுத்துக்கொள்வேன்.

செல்வலட்சுமி